லாட்டரிச் சீட்டும் காலேஜ் ஃபீஸும்

நல்லா மார்க் எடுத்த பிள்ளைங்களுக்கு அரசாங்கமே காலேஜ் ஃபீஸ் கட்டுதுன்னா யாருக்குக் கசக்கும்? ஆனா அந்தக் காசு யார் பையிலிருந்து வருதுன்னு கேட்டா கதை கொஞ்சம் சிக்கலாகும் மக்களே.

இடம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். 1990 கவர்னர் தேர்தலில் ஜெல் மில்லர், லாட்டரி கொண்டுவந்து அந்த வருமானத்தைப் படிப்புக்கே செலவழிப்பேன்னு சொல்லி ஜெயிச்சார். மலைப்பக்கத்துக் கிராமத்துக்காரர். பிறந்த சில நாளிலேயே அப்பாவை இழந்து, அம்மா வளர்த்த பிள்ளை. பாப்டிஸ்ட் சபைகள் பலமா இருக்கிற மண்ணில் சூதாட்டம்னா சும்மா விடுவாங்களா? 1992 நவம்பர் வாக்கெடுப்பில் மயிரிழையில்தான் தப்பிச்சது. 1993 ஜூனில் சீட்டு விற்பனை, அதே செப்டம்பரில் 'ஹோப்' ஸ்காலர்ஷிப். பள்ளியில் 4-க்கு 3.0 சராசரி இருந்தா மாநிலக் கல்லூரியில் ட்யூஷன் அரசாங்கத்தோடது. உள்ளே போனபிறகும் அந்த 3.0-ஐ விடாமப் பிடிச்சிருக்கணும்.

முதல் வருஷம் குடும்ப வருமானம் 66,000 டாலருக்குள்ளே இருக்கணும்னு விதி. 1994-ல் அதை ஒரு லட்சமாக்கினாங்க. 1995-ல் வரம்பே கிடையாது! என்னைக் கேட்டா மொத்தக் கதையும் இங்கேதான் திரும்புது. நடுத்தர வர்க்கம் மொத்தமா உள்ளே வந்ததும், எந்த அரசியல்வாதியும் தொடப் பயப்படுற திட்டமாயிடுச்சு. பலமும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் உண்டு. ஆரம்ப வருஷங்களில் அந்தத் தொகையைக் கழிச்சுட்டுத்தான் ஹோப் கொடுத்தாங்க. பெல்லே ட்யூஷனுக்குச் சரியாப் போச்சுன்னா, ஹோப்பிலிருந்து கிடைக்கிறது புத்தகத்துக்கு வருஷம் 400 டாலர். டாக்டர் வீட்டுப் பையனுக்கோ முழு ட்யூஷன். லாட்டரியில் வருமானத்தோட பெரிய பங்கைத் தொலைக்கிறது ஏழைங்கதான்கிறதையும் சேர்த்துப் பாருங்க. அந்தக் கழிவு விதியை அப்புறம் எடுத்துட்டாங்க.

பொருளாதார ஆய்வாளர் சூசன் டைனார்ஸ்கி 2000-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்: கல்லூரியில் சேர்ந்தவங்க எண்ணிக்கை கூடினது நிஜம், ஆனா வெள்ளையர் கறுப்பர் இடைவெளியும், வசதியுள்ளவர் இல்லாதவர் இடைவெளியும் சேர்ந்தே கூடிச்சு. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கார்ன்வெல், மஸ்டர்ட் ரெண்டு பேரும் இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. ஃபீஸ் மிச்சமான குடும்பங்கள் கார் வாங்கியிருக்காங்க :-)

இதுக்கெல்லாம் அசராம மத்த மாநிலங்கள் காப்பியடிச்சது தனிக்கதை. ஃப்ளோரிடா 1997, டென்னசி 2004. கிளிண்டன்கூட 1997-ல் ஒரு வரிச்சலுகைக்கு இதே ஹோப் பேரைத்தான் வெச்சார்.

2011-ல் லாட்டரிப் பணம் போதலை. கவர்னர் நேதன் டீல் காலத்தில், முழு ட்யூஷன் வேணும்னா 3.7 சராசரியும் எஸ்.ஏ.டி.யில் 1200-ம் வேணும்னு ஆச்சு. அந்த உசந்த ரகத்துக்கு ஜெல் மில்லர் பேரையே வெச்சாங்க. சாதா 3.0 காரங்களுக்குக் கொஞ்சம் வெட்டு. அவங்களுக்கு முழு ட்யூஷன் திரும்பக் கிடைக்க 2023 ஆச்சு.

வருமான வரம்பு மட்டும் இன்னும் திரும்பி வரலை.