திறந்த வானம் எவருக்கு?

நிலத்திற்கு வேலி உண்டு. கடலுக்கும் கரையையொட்டி எல்லை உண்டு. வானத்திற்கு மட்டும் வேலியில்லை என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். விமானப் போக்குவரத்தின் வரலாற்றைப் புரட்டினாலோ, பிற நாட்டார் அனுமதியின்றி நுழைய முடியாத எல்லை வானத்திலும் உண்டு என்பதைக் காண்கிறோம்.

நாட்டின் நிலப்பரப்பிற்கு மேலுள்ள வான்வெளி அந்நாட்டின் முழு ஆட்சிக்கே உரியது என்னும் கோட்பாடு 1919-இல் பாரிஸ் உடன்படிக்கையில் எழுதப்பட்டது. 1944 நவம்பரில், உலகப் போர் ஓயுமுன்பே, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பேராளர்கள் சிக்காகோவில் கூடினர். அமெரிக்காவிடம் நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானங்கள் நிறைந்திருந்தன. பிரிட்டனோ போர் விமானங்களைச் செய்வதிலேயே தன் ஆலைகளை ஈடுபடுத்தியிருந்தது. வானத்தைத் திறந்துவிட வேண்டும் என்றது அமெரிக்கா. பங்கிட்டு ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது பிரிட்டன். அவரவர் கையிருப்புக்கு ஏற்பவே அவரவர் கொள்கையும் அமைந்தது!

அம்மாநாட்டில் ஐந்து உரிமைகள் பேசப்பட்டன. பிற நாட்டின் மேல் பறந்து செல்லுதல். எரிபொருளுக்கோ பழுது நீக்கவோ இறங்குதல். தன் நாட்டிலிருந்து பயணிகளைக் கொண்டுசெல்லுதல். அங்கிருந்து தன் நாட்டிற்குக் கொண்டுவருதல். வழியிலுள்ள இரு அயல்நாடுகளுக்கிடையே பயணிகளை ஏற்றி இறக்குதல் என்பன அவை. முதலிரண்டையும் பல நாடுகள் ஏற்றன. வாணிபம் சார்ந்த ஏனைய மூன்றிலும் பொது இணக்கம் பிறக்கவில்லை. எனவே, இரண்டிரண்டு நாடுகளாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் வேரூன்றிற்று. அமெரிக்காவும் பிரிட்டனும் 1946 பிப்ரவரியில் பெர்முடாத் தீவில் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு முன்மாதிரியாயிற்று.

அதே ஆண்டு நவம்பரில், இடைக்கால அரசு நடந்துகொண்டிருந்த புதுதில்லியில், இந்தியாவும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏட்டில் இரு நாடுகளுக்கும் உரிமை உண்டு. ஆனால், ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டதே 1948 ஜூனில்தான். நியூயார்க்கைத் தொடுவதற்கு 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கிடையில் அமெரிக்க நிறுவனங்களின் விமானங்கள் இந்தியா வழியாகப் பறந்தன. இந்தியாவிற்கும் வழியிலுள்ள பிற நாடுகளுக்கும் இடையே செல்லும் பயணிகளையும் ஏற்றிச் சென்றன. ஐந்தாம் உரிமை துணை வருவாயாக இருக்கலாமேயன்றி முதன்மைத் தொழிலாகிவிடலாகாது என்பது இந்தியாவின் வாதம். 1954-இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இந்தியா அறிவிப்புக் கொடுத்தது. புதிய ஒப்பந்தம் 1956-இல் உருவாயிற்று.

புதிதாய் விடுதலை பெற்ற நாட்டின் அச்சம் என்று இதனை ஒதுக்கிவிடலாமா? பெர்முடாவில் கையெழுத்திட்ட பிரிட்டனே 1976-இல் அவ்வொப்பந்தத்தைக் கைவிடுவதாக அறிவித்து, மறு ஆண்டு கட்டுப்பாடு மிகுந்த வேறோர் ஒப்பந்தத்தைப் பெற்றது என்பதை நாம் மறத்தற்கில்லை.

காலம் மாறிற்று. 1992-இல் அமெரிக்கா நெதர்லாந்துடன் ‘திறந்த வான’ ஒப்பந்தம் செய்துகொண்டது. எந்நகருக்கு, எத்தனை முறை, என்ன கட்டணத்தில் பறப்பது என்பதை அரசுகள் வரையறுக்காமல் நிறுவனங்களுக்கே விட்டுவிடுவது இதன் சாரம். 2005-இல் இந்தியாவும் அமெரிக்காவுடன் இவ்வழிக்கு வந்தது. போட்டி பெருகியதால் பயணிகள் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும், அமெரிக்காவின் உள்நாட்டு நகரங்களுக்கிடையே அயல்நாட்டு விமானங்கள் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாசல் மட்டும் திறக்கப்படவேயில்லை!

பின்னர் சக்கரம் சுழன்றது. வளைகுடா நாடுகளின் விமானங்கள் அமெரிக்க நகரங்களில் பெருகியபோது, அவை அரசு மானியத்தால் வளர்ந்தவை என்று 2015-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்கள் முறையிட்டன. திறந்த வானத்தில் அளவு வேண்டும் என்னும் குரல், அதனைத் திறக்கச் சொன்ன மண்ணிலிருந்தே எழுந்தது. கட்டாரோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் 2018-இல் ஏற்பட்ட இணக்கங்களால் அப்பிணக்கு தணிந்தது.

ஏட்டில் சமமாக எழுதப்படும் உரிமை, அதைப் பயன்படுத்தும் வலிமை இருபுறமும் இருக்கும்போதே சமமாகிறது. வானத்தைத் திறப்போம் என்று எவரேனும் அழைக்கும்போது, நாம் முதலில் பார்க்க வேண்டியது வானத்தையன்று. இரு தரப்பின் விமானக் கூடங்களையே.