கணிப்பொறித் தேர்வும் தமிழ் எழுத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

எண்பதுகளின் பிற்பகுதியில் சிறிய அச்சகத்துக்கோ வீட்டிலிருந்து செய்யும் மொழிபெயர்ப்புப் பணிக்கோ கணிப்பொறி வாங்க முற்பட்டவர் முன் இரு பொறிக் குடும்பங்கள் நின்றன. ஒன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியும் அதனோடு இசைவுடைய பிற நிறுவனப் பொறிகளும். மற்றொன்று, ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் வெளியிட்ட மாக்கின்டோஷ். விலை, மென்பொருள், பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றையே வாங்குவோர் எண்ணினர். எழுதப்படும் தமிழ் பொறியினுள் எவ்வாறு பதிந்து நிற்கும் என்று கேட்டவர் அரியர். மொழியாய்வாளர்க்கு அதுவே முதன்மையான கேள்வி. அத்தேர்வின் வரலாற்றை அக்கோணத்திலிருந்து காண இக்கட்டுரை முயல்கின்றது.

அமெரிக்காவில் ஐ.பி.எம். பொறியின் அடிப்படை வடிவம் 1,565 டாலருக்கும் மாக்கின்டோஷ் 2,495 டாலருக்கும் முதலில் விற்கப்பட்டன. முன்னதில் திரையும் வட்டு இயக்கியும் சேரா. எனவே இத்தொகைகளை நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. வேறுபாட்டை உண்மையில் ஏற்படுத்தியது வேறொன்று. ஐ.பி.எம். பொறி பிறரும் வாங்கக்கூடிய உறுப்புகளால் ஆனது, ஆகவே விரைவிலேயே பல நிறுவனங்கள் இசைவுப் பொறிகளை ஆக்கின, விலை சரிந்தது. ஆப்பிள் அக்காலத்தில் அவ்வாய்ப்பை எவருக்கும் அளிக்கவில்லை. 1984 நவம்பரில் நடுவணரசு அறிவித்த கணிப்பொறிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின், இந்தியாவில் பரவியவை பெரும்பாலும் இசைவுப் பொறிகளே. மாக்கின்டோஷ் பக்க வடிவமைப்புக்குச் செலவிடக்கூடிய அச்சகங்களிலும் விளம்பர நிறுவனங்களிலும் இடம்பெற்றது.

இனி எழுத்துக்கு வருவோம். ஐ.பி.எம். பொறியின் தொடக்ககாலத் திரை அட்டைகளில் எழுத்துகளின் வடிவங்கள் சில்லு ஒன்றில் மாற்றவியலாதவாறு பொறிக்கப்பட்டிருந்தன. மொத்தம் 256 வடிவங்கள். ஒவ்வொன்றும் ஒரே அகலக் கட்டத்துள் அடங்கவேண்டும். ‘ர’கரத்துக்கும் ‘ண’கரத்துக்கும் ஒரே அகலம் என்பது தமிழ் அச்சுக்கலை அறிந்தவர்க்கு உவப்பானதன்று. மாக்கின்டோஷோ திரை முழுவதையும் 512 x 342 புள்ளிகளின் பரப்பாகக் கொண்டு, எழுத்தையும் படத்தைப் போலவே மென்பொருளால் வரைந்தது. எழுத்துரு என்பது மாற்றத்தக்க ஒரு கோப்பு ஆயிற்று. 1985இல் பேஜ்மேக்கர் மென்பொருளும் ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும் வந்தபின், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திப் பக்கம் கோப்பது எளிதாயிற்று.

இவ்வெளிமைக்கு ஒரு விலை இருந்தது. இம்முறையில் பதிவாவது எழுத்தன்று, அதன் வரிவடிவத் துண்டு. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் பதிந்தது. எத்துண்டு எந்த எண்ணில் அமரும் என்பதை எழுத்துரு ஆக்குபவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர்.

இதற்கு நேர்மாறான வழி இசைவுப் பொறிகளில்தான் வளர்ந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, 1988இல் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் தொடர்ந்த ஆய்வின் பயனான ‘ஜிஸ்ட்’ அட்டையைப் பொறியினுள் செருகினால், வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற ஆங்கில மென்பொருள்களிலேயே இந்திய எழுத்துகளை உள்ளிட இயன்றது. வாடிக்கையாளர் பட்டியலைத் தமிழில் வைத்துக்கொள்ள விரும்பிய சிறு வணிகருக்கு இது பெருந்துணை. இதன் அடிப்படையான இஸ்கி குறியீட்டு முறை 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. அதில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் மட்டுமே. வடிவத்தை ஆக்குவது பொறியின் வேலை. இந்திய மொழிகளின் ஒத்த எழுத்துகளுக்கு ஒரே எண் என்பதனால் வரிபெயர்ப்பும் கைகூடியது. எனினும் தேவநாகரி வைப்புமுறையைத் தழுவியதனால் ‘ன’ நகரத்தை அடுத்தும், ‘ற’ ரகரத்தை அடுத்தும் அமர்ந்தன. தமிழ் அகரநிரலுக்குத் தனி விதி தேவைப்பட்டது. இக்குறையைச் சுட்டியவர் பலர். துண்டு முறையின் குறை இதனினும் பெரிது என்பதைச் சுட்டியவர் சிலரே.

1992இல் வெளியான விண்டோஸ் 3.1, ட்ரூடைப் எழுத்துருக்களை இசைவுப் பொறிக்குக் கொண்டுவந்தது. விலைமிக்க பொறியோ தனி அட்டையோ இல்லாமலே அழகிய தமிழ்ப் பக்கம் கிடைத்தது. சந்தையில் பரவியது ஐ.பி.எம். வழிப் பொறி, ஆயினும் அதில் தமிழ் எழுதப்பட்ட முறை மாக்கின்டோஷ் பழக்கிய துண்டு முறை. இஸ்கி பெரிதும் அரசு அலுவல்களோடு நின்றது. இரு பொறிகளுக்கும் இடையே கோப்பை மாற்றுவதும் இடர் தந்தது. எண் 128க்கு மேற்பட்ட இடங்களில் இரண்டின் அட்டவணைகளும் வேறானவை. மேலே சாய்கோடு பெற்ற ஆங்கில ‘இ’ எழுத்து ஒன்றில் 142, மற்றதில் 233. மாற்றும் மென்பொருள் அதனைச் செம்மையாக மாற்றித் தர, அங்கே அமர்ந்திருந்த தமிழ்த் துண்டு சிதைந்தது.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை ஏற்றது. அவையும் வடிவம் சார்ந்தவையே. எண்களுக்கு ஒழுங்கு கிட்டியது என்பதே ஆதாயம். 1991இலேயே யூனிகோடில் தமிழ் இஸ்கியின் வழியில் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றபின்னரே வீட்டுப் பொறிகளில் அது வழக்கத்திற்கு வரலாயிற்று. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளின் கோப்புகள் என்னவாயின? தொண்ணூறுகளில் கணிப்பொறி அச்சு மையம் ஒன்றில் நான் உள்ளிடச் செய்த கலைச்சொற்பட்டியல், அந்த எழுத்துரு மறைந்தபின், பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகவே திறந்தது. தாளில் எஞ்சிய படியை வைத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு மாற்றட்டவணை ஆக்கினேன். கொம்புகளை இடம் மாற்றுவதற்கு விதி எழுத முடிந்தது. துணைக்காலின்மேல் புள்ளியிட்டு ‘ர்’ என உள்ளிட்டிருந்தவற்றையும் விதியால் திருத்தினேன். ஔகாரத்தின் இரண்டாம் துண்டும் ளகரமும் ஒரே எண்ணைப் பகிர்ந்திருந்தன. ‘ஔவை’யையும் ‘ஔடத’த்தையும் கண்ணால் படித்தே பிரித்தேன். அதுவரை அவ்விரு சொற்களும் பொறி தந்த வரிசையில் ‘ஒளி’யின் பக்கத்தில் இருந்தன.