மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டம்

ஊரகப் பகுதியில் உடலுழைப்புக்கு முன்வரும் 18 வயது நிறைந்த எவருக்கும் வேலை தருவதை மாநில அரசின் சட்டக் கடமையாக்கிய திட்டம். இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. 1972இல் தொடங்கி, 1977இல் சட்டமாக நிறைவேறி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘கேட்பவருக்கு வேலை’ என்பது இதன் முழக்கம்.

முன்வரலாறு

தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) பம்பாய், சென்னை மாகாணங்களில் பட்டினியால் வாடியவர்களைக் கொண்டு சாலையும் கால்வாயும் வெட்டப்பட்டன. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது தோண்டப்பட்டதே. ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கூலி ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும்தான். அந்தக் கூலிக்கும் ஆள் வந்தால் பஞ்சம் உண்மை என்பது ஆட்சியாளரின் கணக்கு. 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தின் பரிந்துரைப்படி மாகாணங்கள் பஞ்ச விதித் தொகுப்புகளை இயற்றின. அவற்றின்படி நிவாரண வேலையைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரிகளின் முடிவு. உழைப்பாளி அதைக் கேட்டுப் பெற வழியில்லை.

இந்த நிலையை மாற்றியவர் காந்தியவாதியும் மகாராஷ்டிரச் சட்டமேலவைத் தலைவருமான (1960–78) வி. ச. பாகே. 1960களின் பிற்பகுதியில் சாங்லி மாவட்டம் தாஸ்காவ் வட்டத்தில், கேட்பவருக்கு வேலை தரும் அவருடைய யோசனை சிறிய அளவில் சோதிக்கப்பட்டது. 1970 முதல் தொடர்ந்து மழை பொய்த்தது. 1973 மே மாதத்தில் நிவாரணப் பணிகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் உழைத்துக்கொண்டிருந்தனர். இந்த வறட்சியின்போதே முதல்வர் வசந்தராவ் நாயக்கின் அரசு பாகேயின் யோசனையை மாநிலம் முழுமைக்கும் ஏற்றது. பின்னர் சட்டமுன்வரைவு ஒருமனதாக நிறைவேறியது.

நிதி

1975ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்பட்ட தொழில் வரி முதன்மை ஆதாரம். மாதச் சம்பளக்காரர்களிடமும் தொழில் புரிவோரிடமும் வசூலான தொகைக்கு இணையாக அரசும் பங்களித்தது. பம்பாயின் சம்பளப் பட்டியலில் பிடித்த பணம் வறண்ட மாவட்டங்களில் கூலியானது.

செயல்முறை

வேலை வேண்டுவோர் கிராமக் கணக்கரான தலாட்டியிடம் பெயரைப் பதிந்து, குறைந்தது 30 நாள் தொடர்ந்து உழைக்க ஒப்ப வேண்டியிருந்தது. 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு ரூபாய் வேலையின்மைப் படி தரப்பட வேண்டியிருந்தது. வேலை மாவட்ட எல்லைக்குள் எங்கும் தரப்படலாம் என்றிருந்தது. புதிய பணியைத் தொடங்க 50 பேர் சேர வேண்டும் என்பது பொது விதியாக இருந்தது. செலவில் 60 விழுக்காடாவது பயிற்சி தேவைப்படாத உழைப்பின் கூலியாகச் சேர வேண்டியிருந்தது.

கசிவுநீர்க் குட்டை, வரப்பு, கிணறு, சாலை ஆகியவை வழக்கமான பணிகள். சாலைப் பணிக்குக் கருங்கல்லை உடைத்து ஜல்லியாகக் குவித்தனர். குவியலை அளந்து கூலி போடப்பட்டது. மண் வேலையில் ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்தனர். தோண்டிய குழியின் நீள, அகல, ஆழம் அளவேட்டில் ஏறிய பிறகே கூட்டாகக் கூலி கணக்கிடப்பட்டது. இதனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம் வாய்த்தது. பணியிடத்தில் குடிநீரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. எல்லா இடத்திலும் இவை அமையவில்லை.

பிற்கால மாற்றங்கள்

1988இல் குறைந்தபட்சக் கூலி இருமடங்கானதை ஒட்டி வேலைக்கு வருவோர் எண்ணிக்கை சரிந்தது. கூலிச் செலவுக்கு அஞ்சி அதிகாரிகள் புதிய பணிகளைத் திறக்கத் தயங்கினர். 1990 முதல் தனியார் நிலத்தில் பழமரம் வளர்ப்பதும் திட்டத்தில் சேர்ந்தது. நிலமற்ற கூலிகளைவிட நிலமுடையோரே இதனால் மிகுதியும் பயனடைந்தனர்.

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் (2005) இதன் அடியொற்றி இயற்றப்பட்டது. 2006 பிப்ரவரி 2 முதல் 200 மாவட்டங்களில் செயல்பட்ட அச்சட்டத்தின் முதல் கட்டத்தில் கடலூர், சிவகங்கை உள்ளிட்ட 6 தமிழக மாவட்டங்கள் இருந்தன. மகாராஷ்டிரமும் தன் சட்டத்தைத் திருத்தி அதனுடன் இணைந்தது.