காரைக்காற் பேயும் ஹூஸ்டன் பேயும்: அச்சப்பாட்டில் ‘நான்’ யார்?

அமெரிக்க ராப் இசையில் ‘ஹாரர்கோர்’ என்றொரு கிளை உண்டு. பிணம், சுடுகாடு, பேய், கொலை, சித்தக்கலக்கம் ஆகியவற்றையே பாடுபொருளாகக் கொண்ட அச்சப்பாட்டு அது. 1980களின் இறுதியில் ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ், டெட்ராய்ட்டின் ஈஷம் ஆகியோரிடம் அரும்பி, 1994-95இல் கிரேவ்டிகாஸ், மெம்பிஸின் த்ரீ சிக்ஸ் மாஃபியா ஆகிய குழுக்களால் தனி வகையாக நிலைபெற்றது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘இது மேற்கத்திய வக்கிரம், நம் மரபில் இதற்கு இடமில்லை’ என்ற மறுமொழி உடனே வந்துவிடுகிறது. நம் மரபைப் படித்தவர்கள் இவ்வாறு கூறுவதுதான் வியப்பு.

விஜயபுரம் வட்டாரத்தாருக்குத் திருவாலங்காடு அயலூர் அன்று. இன்று நடுவே மாநில எல்லை ஓடுகிறது. ஆயினும் 1960 வரை திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆலங்காட்டுச் சுடுகாட்டைத்தான், தேவார மூவருக்கும் முற்பட்டவராகிய காரைக்கால் அம்மையார் பாடினார். வற்றிய உடலும் குழிந்த கண்ணும் கொண்ட பெண்பேய், எரியும் ஈமத்தீ, பிணத்தைச் சுற்றும் நரி என விரியும் அக்காட்சிகளுக்கு நட்டபாடையும் இந்தளமும் பண்களாக அமைந்தன. மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது பதிகத்தின் முத்திரையடி. அங்கே புலவர் தம்மைக் ‘காரைக்காற் பேய்’ என்றே சுட்டுகிறார். அதுவரை படர்க்கையில் வருணிக்கப்பட்ட பேயும் பாடுபவரும் ஒன்றாகிவிடுகின்றனர். பாட்டுக்குள் தன் புனைபெயரைத் தானே கூவும் ராப் கலைஞரின் வழக்கத்துக்கு இதைவிட நெருங்கிய இணையை நான் கண்டதில்லை.

அடுத்து, செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் தலைமையில் நிகழ்ந்த கலிங்கப் போரைப் பாடும் நூல். வெற்றியைப் பாட வேண்டிய அவைப்புலவர் பேச்சுரிமையைப் பேய்களிடம் ஒப்படைக்கிறார். ‘பேய் முறைப்பாடு’ என்னும் பகுதியில் அவை காளியிடம் பசிக்கொடுமையைச் சொல்லி முறையிடுகின்றன. ‘பேய்களைப் பாடியது’ பகுதியில் சில பேய்களின் ஊனத்துக்குச் சோழரின் முந்தைய போர்க்களங்களே காரணமாகின்றன. இறுதியில் பிணக்களத்தில் கூழ் சமைத்து, பந்தி வைத்து உண்டு களிக்கின்றன. அச்சமும் அருவருப்பும் நகையும் ஒரே தாழிசைக்குள் புரள்கின்றன. சந்தத்தின் விரைவு இல்லையேல் இந்தக் கலவை நிற்காது. படித்துப் பொருள் கொள்ளுமுன்பே காது அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

மெம்பிஸ் குழுவின் ஈர்ப்பும் இதே இடத்தில்தான் உள்ளது. லார்ட் இன்ஃபமஸ் பரவலாக்கிய நடை, நம் இசைமொழியில் கூறினால் திஸ்ர நடை: ஒரு தட்டுக்குள் மும்மூன்றாக அசைகளை அடுக்குதல். மந்திர உச்சாடனம் போன்ற அந்த ஒழுங்கு, சொல்லின் கொடூரத்தைக் கேட்பவர் எடைபோடும் முன்பே அவரை ஆட்டிவைத்துவிடுகிறது.

ஆனால் அச்சப்பாட்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல. கெட்டோ பாய்ஸ் 1991இல் வெளியிட்ட ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ பாடலில் அஞ்சுபவன் பாடுபவனே. உறக்கமில்லை, யாரோ பின்தொடர்வதான எண்ணம், கடைசியில் ஓர் உருவத்தோடு அடிதடி, பார்த்தால் வெறுந்தரையைக் குத்திக் கை குருதி வடிக்கிறது. வன்முறை நிறைந்த வாழ்க்கை மனத்துக்குள் என்ன செய்கிறது என்பதைப் பேய்க்கதையின் வடிவில் சொன்ன பாடல் அது. இதே குழுவின் முந்தைய தொகுப்பை, அதன் கொலை வருணனைகளுக்காக, 1990இல் கெஃபன் நிறுவனம் விநியோகிக்க மறுத்தது. அங்கே பாடுபவன் அஞ்சவில்லை, அச்சுறுத்துகிறான், பெரும்பாலும் பெண்களை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றுவதும் தூற்றுவதும் சோம்பலான திறனாய்வு.

‘அது வெறும் வேடம்’ என்பது இவ்வகைப் பாடகர்கள் கூறும் வழக்கமான விடை. வேடம் என்னும் வாதத்தை நான் மதிக்கிறேன். திருப்பதி கங்கம்மா ஜாத்ராவில் வேடமிட்டவர்கள் கூறும் வசைமொழியைப் பிற நாளில் தெருவில் கூறினால் அடி விழும்; ஜாத்ராவில் அது வழிபாடு. ஆனால் அந்த உரிமத்துக்குக் காலவரையறை உண்டு. அம்மனின் களிமண் முகம் கலைக்கப்பட்டதும் வேடமும் வசையும் முடிந்தன. இசைத்தட்டுக்கு அப்படி ஒரு கடைசி நாள் இல்லை. சந்தை அதை விரும்புவதும் இல்லை. 1991இல் கண்ணில் குண்டடிபட்ட புஷ்விக் பில் மருத்துவமனைத் தள்ளுவண்டியில் அமர்ந்திருக்கும் படமே அவ்வாண்டின் தொகுப்புக்கு அட்டைப்படமாயிற்று. அங்கே வேடம் எது, காயம் எது? ஒவ்வொரு தொகுப்பும் முந்தையதைவிட மிகுதியாக அதிரவைக்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தபோது, இவ்வகை விரைவிலேயே தன்னைத்தானே நகலெடுக்கத் தொடங்கியது. கிரேவ்டிகாஸ் தப்பியதற்குக் காரணம் அவர்களது நகைச்சுவை. டாமி பாய் நிறுவனத்தோடு பிணங்கி வெளியேறிய நால்வர், தொழிலால் புதைக்கப்பட்டவர்கள் தாம் என்று தம்மையே பிணமாக்கிப் பாடினர்.

வேடம் அணியும் உரிமை எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதும் இல்லை. செயங்கொண்டாரைப் பிணக்கூழ் உண்டவர் என்று எவரும் ஐயுற்றதில்லை. அமெரிக்க நீதிமன்றங்களிலோ கறுப்பின இளைஞர்களின் ராப் வரிகள் குற்றத்துக்குச் சான்றாக மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இதைக் கட்டுப்படுத்தக் கலிஃபோர்னியா 2022இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அவைப்புலவரின் ‘நான்’ இலக்கியம், சேரி இளைஞனின் ‘நான்’ வாக்குமூலம் என்று பிரிப்பது இலக்கணம் அன்று; அதிகாரம்.

இதைச் சொல்லிவிட்டுப் பரணியை மட்டும் விலக்களித்து விடவும் இயலாது. அந்நூலில் பேய்க்குப் பசி உண்டு, பேச்சு உண்டு, நகையும் உண்டு. இறந்த கலிங்க வீரன் கூழாகிறான். களத்தில் கணவனின் உடலைத் தேடிவரும் மனைவியர்க்குக் கிடைப்பன சில தாழிசைகளே. அவையும் கற்புக்குச் சான்றாக அமைகின்றன. ஹாரர்கோரில் கொலையுண்ட பெண்ணுக்குப் பெயர் இல்லையே என்று வருந்துவோர், நாம் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுவைத்துவரும் நூலிடமும் அந்தக் கேள்வியை வைக்க வேண்டும். யாரையும் கொல்லாமல், தன் உடலை மட்டுமே பேயாக்கிக்கொண்டு அச்சத்தைப் பாடிய காரைக்கால் அம்மையாரிடம் மட்டும் இந்தக் கேள்வி எழவில்லை.

கங்கம்மா ஜாத்ராவின் வசைமொழிகளையோ, எல்லையோரச் சிற்றூர்களின் பேயோட்டும் பாடல்களையோ ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கும் ஆய்வாளர்கள் எவரேனும் இருப்பின் பின்னூட்டத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அவற்றின் தாள அடுக்கைப் பரணித் தாழிசைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.