ஆறு துரத்திய துறைமுகங்கள்

கொற்கைக்கு இன்று போகிறவர்களுக்குக் குளம் தெரியும், வயல் தெரியும், பழைய வன்னிமரம் தெரியும். கடல் தெரியாது. கிழக்கே இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போகவேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளுஸ்' நூல், பாண்டியனின் தண்டனைக் கைதிகள் முத்துக் குளித்த இடமாகச் சொல்லும் கொல்கொய் இந்த ஊர்தான்.

கடலை அவ்வளவு தூரம் தள்ளியது யார்? பொதிகையில் பிறந்து, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு ஓடிவரும் தாமிரபரணி. ஓட்டம் சுமார் 130 கிலோமீட்டர்தான். மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஆறு சமவெளிக்கு வந்ததும் சோர்ந்துபோகிறது. சுமந்து வந்த வண்டலைக் கழிமுகத்தில் இறக்கிவைக்கிறது. கடல் அலையோ தன் பங்குக்கு மணலை வாரி வாயில் கொட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் தோணி தரைதட்டும். தோணி வராத ஊரில் வணிகனுக்கு என்ன வேலை?

கடை கிழக்கே நகர்ந்தது. அடுத்த துறை, இன்று பழையகாயல் என்று வழங்கும் காயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்ததை எழுதிவைத்தார். பாண்டியர்கள் குதிரைக்குக் கொட்டிக்கொடுத்த செல்வம் கொஞ்சமல்ல. அந்தக் காயலையும் வண்டல் விடவில்லை. 1870-களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்த கால்டுவெல், ஒரே ஆற்றின் வண்டல்தான் இரண்டு துறைமுகங்களையும் அடுத்தடுத்துக் கரையேற்றியது என்று காரணம் சொன்னார். பாதிரியாருக்கு மண்ணைப் படிக்கவும் தெரிந்திருந்தது!

மூன்றாவது ஊர் புன்னைக்காயல், முகத்துவாரத்திலேயே. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறைக்குத் தலைமையிடமாக வைத்துக்கொண்டது இதைத்தான். 1535 தொடங்கிப் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவினார்கள்; 1542-ல் சவேரியார் வந்தார். அவர் வழியில் வந்த அண்டிரிக் அடிகளார் இங்கேயே தங்கித் தமிழ் படித்தார், மருத்துவமனை ஒன்றும் தொடங்கினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கைவண்ணம். 1600-ல் அவர் உயிர் பிரிந்ததும் புன்னைக்காயலில்தான்.

ஆனால் அதற்குள் செல்வாக்கு வடக்கே தூத்துக்குடிக்கு மாறியிருந்தது. 1550-களில் புன்னைக்காயல் தாக்கப்பட்டது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், தூத்துக்குடியின் அமைப்பு. முகத்துவாரத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் அளவில் தள்ளி இருப்பதால் ஆற்று வண்டல் அதன் வாசலை நேராக வந்து அடைப்பதில்லை. முயல் தீவு அலையைத் தடுக்கிறது. 1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதும் இந்தத் தூத்துக்குடியைத்தான்.

ரோம் நகருக்குச் சோறு போட்ட ஓஸ்தியா துறைமுகமும் டைபர் ஆற்று வண்டலால் கடலை இழந்ததுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியம் மேட்டுப்பக்கம் இருக்கிறது. திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குத் தோணி தேவையில்லை, வாய்க்கால் போதும். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தியவை. வண்டல் கடலோரத்தானுக்குச் சாபம், நெல் விதைத்தவனுக்கு வரம்.

முகத்துவாரத்தில் குடியிருப்பதன் விலையைப் புன்னைக்காயல் இன்றும் கொடுக்கிறது. 2023 டிசம்பரில் அண்டை ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஆற்று வெள்ளம் கடலுக்குப் போகும் வழியில் கடைசி ஊராக நின்றது இதுதான்.

தூத்துக்குடி 1974-ல் பெருந்துறைமுகம் ஆனது. ஆற்றை விட்டு விலகி நின்று பிழைத்த அந்த ஊருக்குக் குடிநீர் மட்டும் வல்லநாட்டிலிருந்து வருகிறது, தாமிரபரணித் தண்ணீர்.