கணக்குப் பார்த்தவரின் கணக்கு

நியூயார்க் மாநிலத்தின் தலைமைக் கணக்காளர், கவர்னருக்குக் கை கட்டி நிற்க வேண்டியவர் அல்லர். மக்களே வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சர்க்கார் செலவைத் தணிக்கை செய்வதோடு, ஊழியர்களின் ஓய்வூதிய நிதிக்கும் அவர் ஒருவரே தர்மகர்த்தா. பதினாயிரம் கோடி டாலருக்கு மேற்பட்ட பணம் அது.

2003-இல் அந்த நாற்காலியில் அமர்ந்த ஆலன் ஹெவேசி லேசுப்பட்டவர் அல்லர். அரசியல் சாஸ்திரம் கற்பித்த பேராசிரியர். 1971 முதல் 1993 வரை மாநிலச் சட்டசபை அங்கத்தினர். பிறகு எட்டு வருஷம் நியூயார்க் நகரத்தின் கணக்காளர். இவரைவிடத் தகுதியானவர் யார் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

சர்க்கார் பணம் வீணாவதைக் கண்டால் யாரும் சொல்லலாம் என்று அவருடைய காரியாலயம் ஒரு டெலிபோன் வைத்திருந்தது. 2006-இல் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற கிறிஸ்டோபர் காலகன் அந்த டெலிபோனிலேயே புகார் சொன்னார்! நோயாளியான தம் மனைவிக்குக் கார் ஓட்ட ஹெவேசி ஓர் அரசாங்க ஊழியரை வைத்துக்கொண்டு, அதற்குப் பணம் கட்டவில்லை என்பது புகார். விசாரித்ததில் உண்மை என்று தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் நவம்பரில் ஜனங்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். ஆனால் டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 5,000 டாலர் அபராதத்துடன் பதவியைத் துறந்தார்.

கார் விவகாரம் சிறு துளிதான். ஓய்வூதிய நிதியிலிருந்து ஒரு கம்பெனியில் 25 கோடி டாலர் முதலீடு செய்ததற்காக, ஏறக்குறைய 10 லட்சம் டாலர் பெறுமான சலுகைகளை அவர் பெற்றிருந்தார். 2011-இல் சிறை சென்றார். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கிய பழைய கதைதான்.

அடுத்து வந்தவரும் சட்டசபைக்காரரே. 2007-இல் கவர்னர் ஸ்பிட்ஸரின் விருப்பத்தை மீறி, அங்கத்தினர்கள் தங்களில் ஒருவரான தாமஸ் டிநாபோலியைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று பலர் சிரித்திருக்கக்கூடும். அவரோ 2009-இல், நிதியிலிருந்து முதலீடு வாங்கித் தரும் தரகர்களுக்கு வாசற்கதவை அடைத்தார். பிறகு 2010 தொடங்கி 2022 வரை நான்கு முறை மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இருவரும் ஒரே சபையில் வளர்ந்தவர்கள். ஆகவே, பழைய உத்தியோகத்தை வைத்து ஆளை எடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படிப்பும் அநுபவமும் ஹெவேசியைக் காக்கவில்லை. ஜனங்களின் வாக்கும் ஓய்வூதியக்காரர்களின் பணத்தைக் காக்கவில்லை. எஜமானர் மீதே வந்த புகாரையும் காது கொடுத்துக் கேட்ட அந்த டெலிபோன்தான் முதலில் உண்மையை வெளியே கொண்டு வந்தது.