மண்டகப்பட்டும் ஒரு புது கம்ப்யூட்டரும்

"மச்சான், புதுசா ஒரு சிஸ்டம் எடுக்கணும்டா. எது எடுக்கலாம்?"

பொட்டி தட்டுறவங்களுக்கு இந்த போன் வராத மாசமே கிடையாது. நான் ஆபீஸ்ல எழுதுறது ஜாவா. ஆனா ஊர்ல "கம்ப்யூட்டர் படிச்ச பையன்"னு பேர் வந்துட்டா பிரிண்டர் முதல் டிவி ரிமோட் வரைக்கும் நம்ம டிபார்ட்மென்ட் தான் :)

இந்த தடவை கேட்டவன் என் கல்லூரி ரூம்மேட், மண்டகப்பட்டுக்காரன். ஊர்ல இ-சேவை மையம் வெச்சிருக்கான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயம். 2018ல அவன் தங்கச்சிக்கு லேப்டாப் சிபாரிசு பண்ணதும் நான்தான். விலை கம்மி, எடை கம்மின்னு மட்டும் பார்த்தேன். மொத்த இடமே 32 ஜிபி, அதுவும் போர்டுலயே ஒட்டினதுங்கறதை பெருசா எடுத்துக்கல. ஆறே மாசத்துல விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடமில்ல. கழட்டி மாத்தவும் வழியில்ல. மல்லாட்டை வித்த காசு. அவங்க அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கல, அதுதான் இன்னைக்கும் உறுத்துது.

அதனால போன்ல சொல்லாம நேர்லயே போனேன். விழுப்புரத்துலேர்ந்து செஞ்சி போற பக்கம், சுமார் 20 கிலோமீட்டர். பேசறதுக்கு அவன் கூட்டிட்டுப் போன இடம் ஊர்க் குடைவரை. ஏழாம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்சது. வாசல்ல ரெண்டு துவாரபாலகர், உள்ளே பின்சுவர்ல மூணு வெற்றுக் கருவறை. தூண்ல இருக்கிற சமஸ்கிருதக் கல்வெட்டு, பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் இதை எடுப்பித்தான்னு சொல்லுது. விசித்திரசித்தன்ங்கறது மகேந்திரனோட பட்டப்பேர். எப்படி எடுப்பித்தானாம்? செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல். எதெல்லாம் போட்டேன்னு பெருமை பேசாம, எதெல்லாம் போடலன்னு பட்டியல் போட்ட ராஜா! 1,400 வருஷமா அப்படியே நிக்குது. நம்மாளு உடனே பில்லுக்குப் பின்னாடி "வேண்டாம்"னு ஒரு தலைப்பு எழுதிட்டான்.

சரி, ஒரு கம்ப்யூட்டர் வாங்க நம்ம ஆளுங்களுக்கு ஏன் எப்பவும் ஒரு "தெரிஞ்ச பையன்" தேவைப்படறான்? 1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசு புது கம்ப்யூட்டர் கொள்கை கொண்டு வந்து இறக்குமதியைத் தளர்த்துச்சு. விலை இறங்குச்சு, ஆனா கம்பெனி பெட்டி நடுத்தர வீட்டுக்கு அப்பவும் எட்டாக்கனிதான். வரிக்கு மேல வரி. அந்த இடைவெளியில வளர்ந்ததுதான் அசெம்பிள்டு சிஸ்டம். ரேடியோ சாமான் வித்துட்டிருந்த சென்னை ரிச்சி தெரு, மதர்போர்டும் கேபினெட்டும் விக்க ஆரம்பிச்சது. மதர்போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, மானிட்டர் எதிர்க்கடை. கடைசியில ஒரே கேள்வி: "பில்லோடயா, பில் இல்லாமயா?" இப்படி வாங்கின பெட்டிக்கு மொத்தமா பொறுப்பேத்துக்க எந்தக் கம்பெனியும் கிடையாது. கூட வந்த பையன்தான் வாரண்டி!

அரசாங்கத்துக்கும் இது தெரியாம இல்ல. 1997ல இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி 2005க்குள்ள சுங்க வரி படிப்படியா சுழியத்துக்கு வந்தது. 2004 ஜனவரியில கம்ப்யூட்டர் மேல இருந்த கலால் வரியையும் எடுத்தாங்க (2006ல 12 சதவீதமா திரும்பி வந்தது, அது வேற சோகம்). 2005ல எச்சிஎல் 9,990 ரூபாய்க்கு ஒரு பெட்டி விட்டுச்சு. உள்ளே லினக்ஸ்.

விலையைப் பார்த்தவங்க யாரும் கடையில கேட்காத கேள்வி ஒண்ணு உண்டு: இதுல தமிழ் தெரியுமா? விண்டோஸ் 98ல யூனிகோடு தமிழ் ஒழுங்கா வராது. 2000ல தான் லதா எழுத்துருவோட வந்தது. எக்ஸ்பியிலயும் சிக்கலான எழுத்துகளுக்குன்னு தனியா ஒரு டிக் போட்டு, சிடியை உள்ளே விடணும். அந்த சிடியும் தெரிஞ்ச பையன் பையிலதான் இருக்கும். அப்ப எழுத வந்த மூத்த பதிவர்களுக்கு இந்தக் கட்டம் கட்டமான கதை நல்லாவே ஞாபகம் இருக்கும்.

2011 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல அந்தப் பையன் வேலையை அரசாங்கமே பார்த்துச்சு. எல்காட் டெண்டர் விட்டு, எல்லாருக்கும் ஒரே கான்ஃபிகரேஷன்னு முடிவு பண்ணுச்சு. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டுமே உள்ளே. பிளஸ் டூவுல எனக்குக் கிடைச்சதும் அதுதான். நக்கல் அடிச்சவங்க நிறைய. ஆனா என் முதல் புரோகிராம் ஓடினது அதுலதான். எங்க வீட்ல கடையில போய் எதை வாங்கறதுன்னு கேட்கற நிலைமையே அப்ப இல்ல.

குடைவரைக்கு வருவோம். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவான ஆதரவை நிறுத்திடுச்சு. அவன் பழைய பெட்டியில டிபிஎம் 2.0 இல்ல, 11 ஏறாது. ஆதார் நம்பரும் ரேகையும் வந்து போற மெஷினை அப்படியே ஓட்ட எனக்கு மனசில்ல. இதுல 2025 கடைசியில ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் அள்ளிட்டுப் போனதுல ரேம் விலை வேற ஏறிக்கிச்சு.

"வேண்டாம்" பட்டியல் இப்படி முடிஞ்சது: தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், கலர் கலரா எரியற கேபினெட் வேண்டாம், டச் ஸ்கிரீன் வேண்டாம், போர்டுல ஒட்டின ரேம் வேண்டவே வேண்டாம். மிச்சம் இருந்தது ஒரு சாதா டெஸ்க்டாப். 8 ஜிபி ரேம் ஒரே துண்டா, 512 ஜிபி எஸ்எஸ்டி, பிரிண்டர், ஸ்கேனர், ரேகை மெஷினுக்குப் போதுமான யூஎஸ்பி. கடைக்காரர் காட்டின கேமிங் பெட்டியைவிட விலை ரொம்பக் கம்மி. மிச்சக் காசுல யூபிஎஸ். பில்லோடதான்!

சாயங்காலம் மையத்துல மாட்டி முடிச்சதும் அவங்க அப்பா வந்து நின்னார். எட்டு வருஷம் கழிச்சு முதல் தடவையா கேட்டார்: "இது எத்தினி வருசம் வரும் தம்பி?"

பக்கவாட்டு மூடியைக் கழட்டி, காலியா இருந்த இன்னொரு ரேம் ஸ்லாட்டைக் காட்டினேன். டார்ச் அடிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "மூடு, தூசி பூந்துரும்"னார்.